ஷார்ஜா கார்டும் ரிச்சி ஸ்ட்ரீட் கார்டும்

கும்மிடிப்பூண்டி
18-9-2003, வியாழன்

அன்பு மச்சான் ஃபயாஸுக்கு, ஹயாத் பாஷா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் கருணையால் நானும் உன் அக்கா மெஹர்னிசாவும் இங்கே சுகம். ஷார்ஜாவில் நீயும், உன் அறைத் தோழர்களும், உன் முதலாளியும் அதேபோல் சுகமாக இருக்க துஆ செய்கிறோம். முதலாளியைச் சேர்க்கச் சொன்னது உன் அக்கா. அவர் சுகமாக இருந்தால்தான் உனக்கு லீவு கொடுப்பார் என்கிறாள். பழவேற்காட்டிலும் எல்லோரும் நலம். நம் சொந்தத்தில் உடம்புக்கு முடியாமல் கிடந்தது எடைமேடைக் கம்ப்யூட்டர் ஒன்றுதான். அதுவும் நீ அனுப்பிய கார்டின் புண்ணியத்தால் எழுந்து உட்கார்ந்து, இன்று சாயங்காலம் ஓடியே காட்டிவிட்டது. "எது உசத்தி, என் கார்டா ரகு கார்டா, மறைக்காம சொல்லுங்க" என்று போனில் கேட்டாய். இது போனில் சொல்லி முடிகிற கதை இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம் நிலைமை உனக்குப் பாதிதான் தெரியும். மேடைக்கு வரும் லாரிகளில் முக்கால்வாசி பக்கத்து இரும்பு மில்லுக்கு வருபவை. பழைய இரும்பை ஏற்றி வரும் லாரி நம்மிடம் நிறையாக ஒருமுறை எடை போட்டுக்கொண்டு போகும்; மில்லில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது காலியாக இன்னொரு முறை எடை போட்டுக்கொண்டு போகும். கழித்துப் பார்த்தால் மில்லுக்கு எவ்வளவு இரும்பு போய்ச் சேர்ந்தது என்று தெரியும். போன வருஷம் மில்காரர்கள், நம் எடைச்சீட்டு அவர்கள் கணக்கிலும் நேராக ஏற வேண்டும் என்று ஒரு சாஃப்ட்வேர் கொடுத்தார்கள். அதைப் போட்ட நாளிலிருந்து நம் கம்ப்யூட்டர் மூக்கு முட்டப் பிரியாணி தின்றவன் மாதிரி நகர ஆரம்பித்தது. எண்டர் தட்டிவிட்டு நான் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்துகொண்டு வந்தாலும் சீட்டு வந்திருக்காது. டிரைவர்கள் ஜன்னலுக்குள் தலையை விட்டுக்கொண்டு "இன்னா பாய், தூங்கினுகீதா அது?" என்று கேட்பார்கள். பின்னால் நிற்கிற லாரிகள் அடிக்கிற ஹாரன் மில் ஆபீஸ் வரை கேட்கும். மில் மேனேஜர் வீரராகவன் கோபப்படவே மாட்டார். அதுதான் எனக்குப் பயம். "பாய், பைபாஸ்கிட்ட புதுசா ஒரு எடைமேடை வந்திருக்கு. டிரைவருங்க எல்லாம் அங்க போயிடலாம்னு சொல்றாங்க. நான் ஒரு நாள் நேர்ல வந்து பார்த்துட்டு முடிவு பண்றேன்" என்று பூப்போலச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். மில் லாரிகள் போய்விட்டால் நானும் உன் அக்காவும் மாறி மாறி மேடையில் ஏறி நின்று எங்களையே எடை போட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

புதுக் கம்ப்யூட்டரே வாங்கிவிடலாமே என்பாய். அங்கேதான் சிக்கல். மேடைக்கு அடியிலிருந்து வருகிற ஒயர் போய்ச் சேர்வது கம்ப்யூட்டருக்குள் நீளமாக இருக்கிற ஒரு பச்சை அட்டையில். அந்த அட்டை உட்காருகிற பள்ளம் இப்போது வருகிற கம்ப்யூட்டர்களில் கிடையாதாம். மேடையைப் போட்டுக்கொடுத்தவர்களும் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஆகவே கம்ப்யூட்டரை மாற்றினால் மேடையையே மாற்ற வேண்டும். மேடையை மாற்றுவதென்றால் என்னையே விற்றாலும் பத்தாது. அப்போதுதான் ரகு ஒரு வழி சொன்னான். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறானே, அவன்தான். "ஒடம்பு அப்பிடியே இருக்கட்டும் பாய். மூளைய மட்டும் மாத்திக்கலாம். அப்கிரேடு கார்டுன்னு ஒண்ணு வர்து. பழைய பிராசஸர கழட்டிட்டு அதே எடத்துல இத சொருகிட்டா, அதே கம்ப்யூட்டரு குதிர கணக்கா ஓடும்" என்றான். இதை நான் உனக்குப் போனில் சொல்ல, நீ அங்கே தேடிப் பிடித்து ஒன்றை சஹாபுதீன் மாமா கையில் கொடுத்தனுப்ப, அதற்குள் ரகுவும் மெட்ராஸ் போய் ரிச்சி ஸ்ட்ரீட்டில் அலைந்து ஒன்றை வாங்கி வந்துவிட, ஒரே வாரத்தில் நம் வீட்டில் இரண்டு மூளைகள் சேர்ந்துவிட்டன. இந்த வீட்டில் ஒன்றுக்கே பஞ்சம் என்று உன் அக்கா இதுநாள்வரை சொல்லிவந்தாள்.

உன் கார்டு வந்து இறங்கிய அழகைச் சொல்ல வேண்டும். பேரீச்சம்பழப் பொட்டலங்களுக்கு நடுவில் துண்டு சுற்றி, துண்டுக்குள் தங்க நிறப் பெட்டி, பெட்டிக்குள் வெள்ளி நிறப் பை, பைக்குள் பெரிய காற்றாடியோடு அது. உன் அக்கா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டுதான் தொட்டாள். "பாத்தீங்களா, எந்தம்பி அனுப்பிச்சான்னா அனுப்பிச்சதுதான். நிக்காவுக்கு ரெடியான பொண்ணு கணக்கா கீது" என்றாள். ரகுவின் கார்டுக்குப் பெட்டியும் இல்லை, பையும் இல்லை. செய்தித்தாளில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தான். ஏன்டா இப்படி என்றால், "பொட்டிய வெச்சி இன்னா பண்றது பாய்? பொட்டியவா சொருகப் போறோம்?" என்கிறான். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

எடைமேடை வைத்திருப்பவனுக்கு ஒரு சாமானின் எடை தெரியாவிட்டால் சோறு இறங்காது. இரண்டையும் நம் மேடையில் வைத்துப் பார்த்தேன். மேடை அவற்றைக் கண்டுகொள்ளவே இல்லை. அதனால் பஜாரில் நகைக்கடைக்குக் கொண்டுபோய்த் தராசில் வைத்தேன். கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இத எந்தக் கல்யாணத்துக்குப் போடப் போறீங்க பாய்?" என்றார். சொன்னால் நம்ப மாட்டாய், உன் கார்டு ரகுவுடையதைவிட நல்ல கனம். எனக்கு அதன் மேல் தனி மரியாதையே வந்துவிட்டது. திரும்பி வந்து, கனத்திலேயே தெரிகிறது எது உசத்தி என்று தீர்ப்பும் சொல்லிவிட்டேன். ரகு தலையில் அடித்துக்கொண்டான். "பாய், அது மூளையோட வெயிட்டு இல்ல. சூடு தணியறதுக்கு மேல வெச்சிகீறாங்களே அலுமினியம், அதோட வெயிட்டு. ரெண்டு கார்டுலயும் கீற மூளை வெரல் நகம் அளவுதான்" என்றான். அந்த நகம் அளவு சாமான் பழைய மூளையைவிடப் பல மடங்கு வேகமாகக் கணக்குப் போடும் என்றும் சொன்னான். நான் தலையாட்டினேன். அதைப் படைத்தவர்களை நினைத்து உண்மையிலேயே மலைப்பாக இருந்தது, மச்சான். இவ்வளவு பெரிய லாரியை எடை போட எனக்கு இவ்வளவு பெரிய மேடை தேவைப்படுகிறது. அந்தக் கணக்கை எல்லாம் அது நகத்தில் வைத்துக்கொண்டிருக்கிறது.

உள்ளூர்க்காரன் முகம் வாடக் கூடாது என்று முதலில் ரகுவின் கார்டைப் போட்டோம். நாற்காலியில் உட்கார்ந்து அவனே எண்டர் தட்டினான். உண்மையைச் சொல்ல வேண்டுமானால் பேய் வேகம். ஆனால் கொஞ்ச நேரத்தில் சூடேறி, லாரி மேடையில் நிற்கும்போதே கம்ப்யூட்டர் பொட்டென்று அணைந்துவிட்டது. ரகு சளைக்கவில்லை. கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றிவிட்டு, வீட்டிலிருந்து டேபிள் ஃபேனைக் கொண்டுவரச் சொல்லி அதன் நெஞ்சுக்கு நேராக வைத்தான். அதற்குப் பிறகு கார்டு ஒரு தப்பும் செய்யவில்லை. தப்பு செய்தது ஃபேன்தான். பிரிண்டரிலிருந்து வந்த சீட்டு ஜன்னல் வழியாகப் பறந்து ரோட்டுக்குப் போய்விட்டது. சின்னதுரை என்று ஒரு டிரைவர், நல்ல பிள்ளை, லாரியிலிருந்து குதித்து அதன் பின்னாலேயே ஓடிப் பெட்ரோல் பங்க் கிட்டே பிடித்துக்கொண்டு வந்தான். "சீட்டு சீக்கிரம் வர்து பாய், ஒத்துக்கறேன். புடிக்கறதுக்குள்ள உசுரு போவுது" என்றான். ஃபேன் இல்லாமல் கார்டு இல்லை, ஃபேன் இருந்தால் சீட்டு இல்லை. ரகு தன் கார்டைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

அடுத்த நாள் உன் கார்டு. உன் அக்கா அக்கம்பக்கத்துக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தாள். பிஸ்மில்லாஹ் சொல்லி இந்த முறை நானே நாற்காலியில் உட்கார்ந்தேன். மில் சாஃப்ட்வேரைத் தட்டினால், நான் கண்ணாடியை மாட்டுவதற்குள் திறந்து நிற்கிறது. முதல் லாரி சின்னதுரையுடையது, நிறை இரும்பு. முன்சக்கரம் மேடையில் ஏறியதும் எண்டர் தட்டினேன். தட்டிய விரலை எடுப்பதற்குள் சீட்டு வந்துவிட்டது. சின்னதுரை இன்னும் பிரேக்கே போடவில்லை. நான், உன் அக்கா, ரகு மூன்று பேரும் கைதட்டினோம். மத்தியானம் நான் சாப்பிட்டு வருவதற்குள் அவன் காலி லாரியோடு திரும்பி வந்து மேடையில் நிம்மதியாக நின்றுகொண்டிருந்தான். மறுபடியும் தட்டினேன். மறுபடியும் மின்னல். சாயங்காலம் வீரராகவன் போன் செய்தார். அப்போதும் கோபமில்லை. "பாய், உங்க சீட்டுப்படி சின்னதுரை எங்களுக்கு இரும்பு கொண்டு வரல. எங்க மில்லுல இருந்து ரெண்டு டன் எடுத்துட்டுப் போயிருக்கார். அவருக்கு நாங்க பில் போடணுமா? வியாழக்கிழமை சாயங்காலம் நேர்லயே வரேன்" என்றார்.

கார்டில்தான் கோளாறு என்று முதலில் நானும் நினைத்தேன். மன்னித்துவிடு. ரகுதான் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கண்டுபிடித்தான். "மிஷின் மேல தப்பே இல்ல பாய். தப்பு பூரா உங்க வெரல் மேலதான்" என்றான். விஷயம் இதுதான். பழைய மூளை இருந்தபோது லாரியின் மூக்கு மேடையைத் தொட்டதுமே நான் எண்டர் தட்டிவிடுவேன். அது முக்கி முனகி எடையைப் பிடிப்பதற்குள் லாரி முழுசாக ஏறி, நின்று, ஆட்டம் அடங்கி, டிரைவர் இறங்கிப் பீடியும் பற்றவைத்திருப்பார். வருஷக்கணக்காக இதே பழக்கம். உன் கார்டோ தட்டின மாத்திரத்தில் எடையைப் பிடித்துவிடுகிறது. மேடையில் இருந்தது முன்சக்கரம் மட்டும், அதனால் அதற்கு மட்டும் எடை போட்டுக் கொடுத்திருக்கிறது. திரும்பி வந்தபோது காலி லாரி முழுசாக நின்றதால் அதற்கு முழு எடை. உன் அக்கா விடுவாளா? "எந்தம்பி கார்டு மேல பழி போட்டீங்களே. சொன்ன வேலைய சொன்ன ஒடனே செஞ்சிது. இந்த ஊட்ல வேற யாரு அப்பிடி செய்றாங்க?" என்றாள்.

விரலை அடக்கலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. டயர் மேடையில் ஏறும் சத்தம் கேட்டாலே அது தானாகப் போய்த் தட்டிவிடுகிறது. உன் அக்கா கரண்டியோடு பக்கத்தில் நின்று பார்த்தாள். கரண்டி விழுவதற்குள் விரல் விழுந்துவிடுகிறது. கடைசியில் வழி சொன்னது ரோசம்மாள். நம் அறையின் பின்சுவரை ஒட்டி டீக்கடை போட்டிருக்கிறார்களே, அந்தம்மாதான். "பாய், நீங்க லாரியவே பாக்காதீங்க. முன் ஜன்னல சாத்திட்டு, காதுல பஞ்ச வெச்சிக்கினு, என் பக்கம் திரும்பி ஒக்காருங்க. டிரைவரு எறங்கி என் கட பெஞ்சில வந்து ஒக்காந்தாருன்னா லாரி நின்னுடுச்சின்னுதான அர்த்தம்? நான் கைய காட்டறேன், அப்ப தட்டுங்க. சீட்ட பின் ஜன்னல்ல குடுத்துடுங்க, நான் டீயோட சேத்து குடுத்துக்கறேன்" என்றார். இதில் தனக்கு ஒரு லாபமும் இல்லை என்று அந்தம்மாவே இரண்டு தடவை சொன்னார்கள். அன்றே ஒரு புது பெஞ்சு வந்து இறங்கியது. அதிலிருந்து எடை ஒரு கிலோ பிசகவில்லை. டிரைவர்களுக்கும் ஜன்னலில் தலையை விட்டுக்கொண்டு நிற்கிற வேலை போய்விட்டது. வந்ததும் பெஞ்சுக்குப் போய்விடுகிறார்கள்.

இன்று அஸர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தேன். நெஞ்சு அடித்துக்கொள்கிற சத்தம் பஞ்சையும் மீறிக் கேட்டது. வீரராகவன் காரில் வந்து இறங்கினார். அறைக்குள் வருவார் என்று உன் அக்கா நாற்காலியில் புதுத் துணியெல்லாம் விரித்திருந்தாள். அவரோ டிரைவர்களோடு டிரைவராக ரோசம்மாள் கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். சின்னதுரையின் லாரி வந்தது. அவன் இறங்கிப் போய் அவர் பக்கத்தில் ஓரமாக உட்கார்ந்தான். ரோசம்மாள் கையைக் காட்டினார்கள். தட்டினேன். தட்டிவிட்டு, பார்க்கத் தைரியமில்லாமல் கண்ணை மூடிக்கொண்டு எனக்குத் தெரிந்ததை எல்லாம் ஓத ஆரம்பித்தேன். ஓதி முடித்துக் கண்ணைத் திறந்தால் பிரிண்டரில் சீட்டு வந்து நிற்கிறது. பின் ஜன்னலில் நீட்டினேன். வீரராகவன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டீயை ஒரு வாய் குடித்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, "டீ ஆறறதுக்குள்ள சீட்டு வந்துடுச்சே பாய். இனிமே நான் எங்கயும் போய்ப் பார்க்கப் போறதில்ல. லாரிங்க இங்கயே வரட்டும்" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உன் அக்கா அப்போதே பழவேற்காட்டுக்கும் மீஞ்சூருக்கும் போன் போட்டு, தன் தம்பி கார்டுதான் குடும்பத்தைக் காப்பாற்றியது என்று சொல்லிவிட்டாள். காட்டுப்பள்ளியில் இருக்கிற உன் பெரியம்மாவுக்கு லைன் கிடைக்கவில்லை. இரவு மறுபடியும் முயற்சி செய்வாள்.

ஆகவே மச்சான், நீ கேட்ட கேள்விக்கு என் தீர்ப்பு இது. ரகுவின் கார்டு கெட்டிக்காரன், ஆனால் முன்கோபி. சூடு தலைக்கேறினால் வேலையைப் போட்டுவிட்டுப் போய்விடும். உன் கார்டு வேகத்திலும் உசத்தி, நிதானத்திலும் உசத்தி. கனத்தைப் பற்றி ஏற்கெனவே எழுதிவிட்டேன். பெரிய மனிதர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது சூடேறாமல், அணையாமல், சொன்ன உடனே சீட்டைக் கொடுத்தது பார், அது மனிதர்களுக்கே வராத குணம். அதைச் செய்தவன் எந்த ஊர்க்காரனோ, அவன் பிள்ளை குட்டிகள் நன்றாக இருக்க வேண்டும். அதைத் தேர்ந்தெடுத்து அனுப்பிய உனக்கு நான் வாயால் நன்றி சொன்னால் சின்னதாகப் போய்விடும்.

உன் அக்காவின் முத்தங்களும் என் சலாமும். உன் முதலாளிக்கும் என் சலாம் சொல். கைநிறைய லீவு கொடுக்கச் சொல். ரகு சலாம் சொல்லச் சொன்னான், கொஞ்சம் வாடிய முகத்தோடு. நீ எந்த வேலையைத் தொட்டாலும் அல்லாஹ் அதில் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
உன் மச்சான்
ஹயாத் பாஷா

பி.கு.: வெள்ளிக்கிழமை காலை. கவரை ஒட்டிய பிறகு பிரித்து எழுதுகிறேன். இப்போதுதான் ரகு வந்தான். கையில் உன் தங்க நிறப் பெட்டி, அதற்குள் உன் கார்டு. இது எப்படி வெளியே வந்தது என்று கேட்டேன். "கோச்சிக்காதீங்க பாய். நேத்து நீங்க அஸர் தொழுவப் போனீங்களே, அப்ப எனக்கு பயம் வந்துடுச்சி. என் கார்டு சூடாயி நின்னுடும். மச்சான் கார்டு போட்டா உங்க வெரலு எதுனா பண்ணிடும். பெரிய மனுஷன் எதிர்ல பேஜாராயிடும்னு பழைய மூளையவே திரும்ப சொருகிட்டேன்" என்கிறான். பழைய மூளையேதான், மச்சான், அதே பிரியாணி தின்றவன். நேற்று நான் ஓதியது கொஞ்சம் நீளமாகத்தான் போயிருக்கிறது. ரோசம்மாளைக் கேட்டேன், வீரராகவன் ஆறவில்லை என்று சொன்ன டீ அவருடைய இரண்டாவது டீயாம், நடுவில் மசால் வடையும் சாப்பிட்டாராம். டிரைவர் உட்கார்ந்த பிறகு தட்டுவதால் சீட்டு வர முன்பைவிட இப்போது நேரம் அதிகமாகத்தான் ஆகிறது. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் எவனும் ஹாரன் அடிப்பதில்லை. உன் அக்காவிடம் இதைச் சொல்லிவிடாதே. அவள் நேற்று இரவே காட்டுப்பள்ளிக்கும் சொல்லி முடித்துவிட்டாள். உன் கார்டின் மேல் எனக்கிருந்த மதிப்பும் எள்ளளவு குறையவில்லை. அது வந்ததால்தானே என் விரலின் குட்டு வெளிப்பட்டது, அதனால்தானே பெஞ்சு வந்தது. கம்ப்யூட்டருக்கு வெளியே இருந்துகொண்டே ஒரு குடும்பத்தின் பிழைப்பைக் காப்பாற்றிய கார்டு உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும். அதனால் அதை இனிமேல் உள்ளே போடுவதாக இல்லை.